இரவு வானம் வரைபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடித் தமிழில் வீடியோ கேம் செய்து பார்க்கிறோம். பாலிடெக்னிக் மாணவர்கள், தேசிய சேவையில் இருப்பவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஆசைக்குச் செய்பவர்கள் என்று கலவையான கூட்டம். அங்கே ஒளியமைப்பு என் பொறுப்பு. பேய்க்கதையோ சோழர் கதையோ, எதிலும் ஒரு இரவுக் காட்சி வந்துவிடுகிறது. வந்ததும் அதே சந்தேகங்கள். வாட்ஸ்அப்பில் பழைய பதிலைத் தேடித் தேடி ஒட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

அக்கா, ஸ்கைபாக்ஸ் ஒண்ணு டவுன்லோடு பண்ணிப் போட்டுட்டேன். அதோட வேலை முடிஞ்சுதா?

ஸ்கைபாக்ஸ் என்பது உங்கள் உலகத்தைச் சுற்றி ஒட்டிய ஆறு முகப் பெட்டி. உள்பக்கம் வானப் படம் ஒட்டியிருக்கும். ஓரிரு நிமிடம் வந்துபோகும் காட்சி என்றால் அதுவே போதும், மெனக்கெட வேண்டாம்.

ஆட்டக்காரர் நின்று மேலே பார்க்கப் போகிறார் என்றால் போதாது. ஒரு முகத்துக்கு 1024 பிக்சல் உள்ள படத்தில் ஒவ்வொரு புள்ளியும் நிலாவின் அகலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதில் நட்சத்திரம் வரைந்தால் நட்சத்திரமாக இருக்காது, பொட்டுக்கடலையாக இருக்கும். நிலா, மேகம், நட்சத்திரம் மூன்றையும் தனித்தனியாக வரையப் பழகுங்கள். பால்வீதி போன்ற மங்கலான பின்னணியை மட்டும் படத்துக்கு விட்டுவிடுங்கள்.

எத்தனை நட்சத்திரம் போடணும்? நான் இருபதாயிரம் போட்டேன், மேசையில உப்பு கொட்டின மாதிரி இருக்கு.

நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு, வானம் முழுவதற்கும் சேர்த்தே ஒன்பதாயிரம்தான். யேல் பல்கலைக்கழகத்தின் பிரகாச நட்சத்திரப் பட்டியலில் 9,110 பதிவுகள் உள்ளன. ஒரு நேரத்தில் அதில் பாதி அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.

ஆனால் உப்புக் கொட்டியதுபோல் தெரிவதற்கு எண்ணிக்கை காரணமில்லை, எல்லாம் ஒரே பிரகாசத்தில் இருப்பதுதான் காரணம். பட்டியலில் மேக்னிட்யூட் என்று ஓர் எண் இருக்கும். எண் ஏற ஏறப் பிரகாசம் குறையும். 5 படி ஏறினால் நூறு மடங்கு மங்கல், ஒரு படிக்கு ஏறத்தாழ 2.5 மடங்கு. மிகப் பிரகாசமான சிரியஸின் எண் -1.46. கண்ணுக்குத் தட்டுப்படும் கடைசி நட்சத்திரங்கள் 6 பக்கம். இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். பிரகாசமானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, மங்கலானவை ஆயிரக்கணக்கில். அந்த ஏற்றத்தாழ்வுதான் வானத்துக்கு ஆழம் தருகிறது.

இதில் ஒரு சிக்கல். சிரியஸை ஒரே பிக்சலில் முழு வெள்ளையாக வைத்து, கணக்குத் தவறாமல் 6-ஆம் எண் நட்சத்திரத்தை வரைந்தால், முழு வெள்ளை 255 என்ற அளவில் அதற்கு 3 என்ற மதிப்பு வரும். எந்தத் திரையிலும் அது தெரியாது. ஆகவே சிரியஸ் போன்றவற்றின் ஒளியை நாலைந்து பிக்சலுக்குப் பரப்பி, மங்கலானவற்றைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். ஏமாற்றுதான். ஆனால் வரிசை குலையாத ஏமாற்று.

இடத்தை ரேண்டமா தூவிட்டா யாருக்குத் தெரியப் போகுது?

நம் பாட்டிக்குத் தெரியும். கார்த்திகைக் கூட்டம், திருவாதிரையின் செம்மை, அகத்தியர் நட்சத்திரம் எல்லாம் பெயரோடு அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவிர, தரவு இலவசமாகக் கிடைக்கும்போது தூவுவானேன்? ஹிப்பார்கோஸ் பட்டியலில் 1,18,218 நட்சத்திரங்கள் இருக்கின்றன. அதையும் யேல் பட்டியலையும் கலந்த எச்ஒய்ஜி கோப்பு ஒரு சாதாரண அட்டவணைதான், எந்த எஞ்சினிலும், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருளிலும், படித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியிலும் வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்று இரண்டு கோணங்கள் இருக்கும். பூமியின் குறுக்கு நெடுக்குக் கோடுகளை வானத்தில் ஒட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சைன், கோசைன் போட்டால் திசை கிடைத்துவிடும்.

நிறத்துக்கும் அதே கோப்பில் ஓர் எண் உண்டு. சாயத்தை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள். திருவாதிரை லேசான ஆரஞ்சு, ரைஜல் லேசான நீலம். மங்கலானவை எல்லாம் கண்ணுக்கு வெள்ளைதான். பச்சை நட்சத்திரம் கிடையவே கிடையாது. போன மாதம்கூட ஒருவர் போட்டிருந்தார்.

கேமராவைத் திருப்பினா நட்சத்திரம் எல்லாம் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இது பக்-ஆ, இல்ல அதுதான் மினுமினுப்பா?

பக், அதாவது நிரலில் உள்ள பிழை. நட்சத்திரம் பிக்சலைவிடச் சிறியது. கேமரா நகரும்போது அது ஒரு பிக்சலின் நடுவில் விழுந்தால் எரிகிறது, இரண்டு பிக்சலுக்கு இடையே விழுந்தால் காணாமல் போகிறது. ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பிக்சல் அகலமுள்ள மென்மையான புள்ளியாக வரையுங்கள். மொத்த ஒளி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் நட்சத்திரங்கள் மங்கினால் டிஏஏ, அதாவது முந்தைய பிரேம்களைச் சேர்த்து விளிம்பை மழுப்பும் வேலை, அவற்றைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. டிஏஏ முடிந்தபின் நட்சத்திரங்களை வரைவதே தலைவலி இல்லாத வழி.

உண்மையான மினுமினுப்பு காற்றால் வருவது. அடிவானத்தருகே அதிகம், உச்சியில் குறைவு. கோள்கள் பெரும்பாலும் மினுக்குவதில்லை. உங்கள் நாயகன் நிலாவில் நிற்கிறான் என்றால் அங்கே காற்றே இல்லை, எதுவும் மினுக்கக் கூடாது.

நிஜ அளவு வெச்சேன், நிலா கொசு மாதிரி இருக்கு. எங்க தப்பு?

தப்பே இல்லை. நிலாவின் அகலம் அரைப் பாகை. 1920 பிக்சல் அகலத் திரையில் 90 பாகைப் பார்வைக் கோணம் வைத்தால் அது 8 பிக்சல்தான் வரும். நேரில் பெரிதாகத் தோன்றுவது, குறிப்பாக அடுக்குமாடி பிளாக்குகளுக்கு நடுவே எழும்போது, மனம் செய்யும் வேலை. கை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், மறைந்துவிடும்.

இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு பெரிதாக்கலாம் என்பது என் கட்சி. அதற்கு மேல் போனால் வேறு கோள் ஆகிவிடும். கற்பனை உலகம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

அளவைவிட முக்கியம் ஒளி விழும் விதம். எஞ்சின் தரும் சாதாரண ஷேடிங்கைப் பந்தில் போட்டால் முழுநிலவின் ஓரம் இருண்டு பிங்பாங் பந்து போலாகும். நிஜ முழுநிலவு தட்டையாக, வெள்ளித் தாம்பாளம் போல ஓரம்வரை ஒளிர்கிறது. அதன் தூசிப் பரப்பு, வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அப்படி. லோமெல்-சீலிகர் என்று ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது, ஷேடரில், அதாவது ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரலில், ஒரே வரி. அதே காரணத்தால் பாதிநிலா முழுநிலவின் ஒளியில் பாதி தருவதில்லை, பத்தில் ஒரு பங்குதான் தரும்.

பிறை எந்தப் பக்கம் பார்க்கணும்? ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கே.

ஒளிரும் பக்கம் சூரியன் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும். முழுநிலவு சூரியன் மறையும்போது எழும். வளர்பிறையின் மெல்லிய கீற்று மாலையில் மேற்கே தெரிந்து சீக்கிரம் மறைந்துவிடும். நள்ளிரவு உச்சியில் மெல்லிய பிறை தொங்கினால் அது தவறு.

அடுத்தது இடம். ஐரோப்பாவில் இருப்பவர் வரைந்த பிறை அடைப்புக்குறி போல நிற்கும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகைதான் வடக்கே. இங்கே மாலைப்பிறை பெரும்பாலும் தோணி போல மல்லாந்து கிடக்கும், சில மாதங்களில் கொஞ்சம் சாயும். சிவன் சடையில் நம் ஓவியர்கள் வைத்த பிறையை நினைத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட்டில் வந்த பிறையை அப்படியே தேக்கா தெருவுக்கு மேல் மாட்டாதீர்கள்.

அப்புறம், பிறையின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் தெரியக் கூடாது. அங்கேயும் நிலாதான் இருக்கிறது. நம் கொடியில் பிறையும் ஐந்து விண்மீன்களும் நெருங்கி நிற்கின்றனவே என்று ஒரு தம்பி மடக்கினார். கொடி சின்னம், வானப்படம் அல்ல என்று சொல்லி வைத்தேன்.

தீபாவளி சீன்ல முழுநிலா வெச்சிருக்கேன், சிராங்கூன் ரோடு லைட்டுக்கு மேல சூப்பரா இருக்கு. ஓகேதானே?

ஓகே இல்லை! தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. அன்று மாலை வானத்தில் நிலாவே கிடையாது. முழுநிலா வேண்டும் என்றால் காட்சியைத் தைப்பூசத்துக்கு மாற்றுங்கள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி போகும் வழியில் நிலாவை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். திருக்கார்த்திகையும் சரி, அன்றைக்கு முழுநிலவுக்குப் பக்கத்தில் அறுமீன் கூட்டத்தையும் வைக்கலாம்.

சிங்கப்பூர் வானத்தை உள்ளது உள்ளபடி காட்டணும்னா என்ன செய்யணும்?

நட்சத்திரங்களை அழிக்க வேண்டும். 2016-இல் வெளிவந்த செயற்கை ஒளி உலக வரைபடத்தில், மிக அதிக ஒளி மாசு உள்ள நாடு சிங்கப்பூர். இங்குள்ள அத்தனை பேரும் கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறோம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. மேக்னிட்யூட் 3 வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வானம் முழுவதற்குமே இருநூறுக்குள்தான் வரும், அதில் பாதிதான் மேலே. பிளாக்குகள் மறைப்பது போக இருபது முப்பது தெரிந்தால் அதிகம்.

வானத்தின் அடி நிறம் கறுப்பு அல்ல. அழுக்குச் சாம்பலில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்தது. அடிவானம் பக்கம் வெளுத்து, உச்சியில் சற்று இருண்டிருக்கும். நான் பார்த்த கேம்களில் அநேகமாக எல்லோரும் கோட்டை விடுவது மேகத்தில்தான். ஊருக்கு வெளியே நல்ல இருட்டில் மேகம் என்பது நட்சத்திரங்களை மறைக்கும் கறுப்புத் துளை. நகரத்தில் நேர்மாறு. கீழிருந்து வரும் வெளிச்சம் மேகத்தின் அடிவயிற்றில் பட்டு, மேகம் வானத்தைவிடப் பிரகாசமாக இருக்கும். இன்றிரவு பிளாக்கின் அடியில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கிலிருந்து வெளியே வந்து ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். இந்த ஒன்றைச் சரி செய்தாலே இது நம்ம ஊர் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று அந்தி. இங்கே சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு மறைகிறது, செங்குத்தாக இறங்குவதால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். ஒரு மணி நேரம் இழுக்கும் ஊதா அந்தி லண்டனுக்குரியது.

அப்ப பால்வீதியே காட்டக் கூடாதா? ஊதா, பிங்க் எல்லாம் எவ்வளவு அழகா இருக்கும்!

அந்த ஊதாவும் பிங்க்கும் கேமரா பல நொடி, பல நிமிடம் திறந்திருந்து சேர்த்தவை. கண்ணுக்குப் பால்வீதி சாம்பல் வெள்ளைதான். மாவு கரைத்து ஊற்றியது போல, ஆங்காங்கே இருண்ட பிளவுகளோடு இருக்கும். இந்த ஊரில் பிறந்தவர்கள் பெரும்பாலும் பால்வீதியை வால்பேப்பரில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் ‘நிஜம் போல’ என்று சொல்லிப் புகைப்படத்தை வரைகிறார்கள்.

ஆகவே நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது இதுதான்: இந்த வானத்தைப் பார்ப்பது கண்ணா, கேமராவா? எங்கே நின்று பார்க்கிறது? கேமரா என்றால் ஊதா தாராளமாக இருக்கட்டும், கதையில் அதற்கு ஒரு காரணம் இருக்கட்டும். கண் என்றால் சாயத்தை வடித்துவிடுங்கள். பின்னணிக்கு நாசா வெளியிட்ட ‘டீப் ஸ்டார் மேப்ஸ் 2020’ இலவசமாகக் கிடைக்கிறது, 170 கோடி நட்சத்திரங்களின் தரவிலிருந்து செய்தது. அதைப் போட்டுப் பிரகாச நட்சத்திரங்களைத் தனியாகவும் வரைந்தால் ஒவ்வொன்றும் இரண்டு முறை தெரியும், எச்சரிக்கை.

ராத்திரி சீன்னா நீல ஃபில்டர் போட்டா போதும்னு டுடோரியல்ல சொல்றாங்களே?

நிலவொளி நீலமே அல்ல. சூரிய ஒளி நிலாவில் பட்டுத் திரும்புவதுதான், சொல்லப்போனால் சூரிய ஒளியைவிடச் சற்றே செம்மை கூடியது. நீலமாகத் தோன்றுவது கண்ணின் செயல். வெளிச்சம் குறையும்போது நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் ஓய்ந்து, கம்பி செல்கள் பொறுப்பேற்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. 2001-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஹென்ரிக் வான் யென்சனும் கூட்டாளிகளும் நிலா, நட்சத்திரம், வானின் சுய ஒளி எல்லாவற்றையும் இயற்பியல்படி கணக்கிட்டு வெளியிட்டார்கள். கடைசியில் அவர்களும் கண்ணுக்காக நீலம் கலக்கத்தான் செய்தார்கள்.

ஆக, காட்டில், நிலவொளியில் மட்டும் நீலம் சரி. நிறச்செறிவையும் சேர்த்துக் குறையுங்கள். எச்டிபி அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் விளக்கு எரிகிறது, கூம்பு செல்கள் நன்றாக வேலை செய்கின்றன. அங்கே நீல ஃபில்டர் போட்டால் காய்ச்சல் கண்டவன் கனவு போல இருக்கும்.

வானம் பட்டை பட்டையா, மாடிப்படி மாதிரி தெரியுது.

எட்டு பிட் திரையில் இருட்டான நிறங்களுக்குப் படிகள் குறைவு. வானம் முழுக்க மூன்று நான்கு படிக்குள் அடங்கிவிடுகிறது. கணக்கை 16 பிட்டில் வைத்திருந்து, திரைக்கு அனுப்பும் கடைசி நொடியில் அரைப்படி அளவு நுண்ணிய இரைச்சலைக் கலந்துவிடுங்கள். டிதரிங் என்று எஞ்சினில் ஒரு தேர்வே இருக்கும். வானப் படக் கோப்பைக் கம்ப்ரெஸ் செய்தும் வைக்காதீர்கள்.

வானம் எப்படிச் சுத்தணும்? துருவ நட்சத்திரத்தை மையமா வெச்சு வட்டமா சுத்த விட்டேன்.

எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் அட்சரேகைக்குச் சமம். சிங்கப்பூரில் அது அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. இங்கே நட்சத்திரங்கள் கிழக்கில் நெட்டுக்குத்தாக எழுந்து மேற்கில் நெட்டுக்குத்தாக இறங்கும். ஓரியன் படுத்தபடி எழும்: கிழக்கே பார்த்து நின்றால் இடப்பக்கம் திருவாதிரை, வலப்பக்கம் ரைஜல். தெற்கே தென்சிலுவையும் தெரியும்.

வானம் ஒரு சுற்று முடிப்பது 23 மணி 56 நிமிடத்தில். அதனால் நட்சத்திரங்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி எழும், நிலா சராசரியாக ஐம்பது நிமிடம் பிந்தி எழும். கேமில் ஒரு நாளை 24 நிமிடமாகச் சுருக்கினால், நிலா தன் அகலத்தை இரண்டே நொடியில் கடந்துவிடும். ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நிழல்களும் கூடவே ஊரும், அது இன்னும் அசிங்கம். ஆட்டக்காரர் அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் நேரத்தை மெதுவாக்குவது ஒரு தந்திரம். யாரும் கண்டுபிடித்ததில்லை.

எங்க கதை தஞ்சாவூர்ல, பெரிய கோயில் கட்டின காலத்துல நடக்குது. இன்னிக்கு வானத்தையே போடலாமா?

கோயில் முடிந்தது 1010-இல். பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுவதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வானம் நகர்கிறது. ஆயிரம் ஆண்டில் ஏறத்தாழ 14 பாகை. இன்றைய துருவ நட்சத்திரம் அப்போது துருவத்திலிருந்து ஆறு பாகை அளவுக்கு விலகியிருந்தது. ஆகவே ‘அசையாத துருவன்’ என்று உங்கள் மாலுமி சுட்டிக்காட்டும் வசனம் கொஞ்சம் உதைக்கும். சுவாதி நட்சத்திரம் தானே வேகமாக நகர்வது. இந்த ஆயிரம் ஆண்டில் நிலாவின் அகலத்துக்கும் மேல் இடம் மாறியிருக்கிறது. மற்றவை பெரும்பாலும் ஒன்றையொன்று பொறுத்து இருந்த இடத்திலேயே இருக்கின்றன, வடிவங்கள் குலையவில்லை.

சரிபார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊரையும் ஆண்டையும் கொடுங்கள். 1582-க்கு முந்தைய தேதிகளை அது பழைய ஜூலியன் நாட்காட்டியில் காட்டும், உங்கள் கதைக் காலத்துக்கு ஆறு நாள் இடிக்கும். நிலாவின் நிலைக்கு அது பெரிய பிழை.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன். ஆடினவங்க ‘ஒண்ணுமே தெரியலை’ன்னு திட்டுறாங்க. என்ன பண்ண?

முழுநிலவு வெளிச்சம் உச்சி வெயிலைவிட நாலு லட்சம் மடங்கு குறைவு. அதைத் திரையில் காட்டவே முடியாது. சாதாரண எல்சிடி திரையின் ‘கறுப்பு’கூட நிஜ இருட்டு வானத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெளிச்சம். அதோடு உங்கள் ஆட்டக்காரர் எம்ஆர்டி ரயிலில், விளக்கு வெளிச்சத்தில், ஃபோன் பிரைட்னஸைப் பாதி வைத்து ஆடுகிறார். ஆக, திரையில் இருப்பது எப்போதும் இருட்டின் நாடகம்தான். எக்ஸ்போஷரை, அதாவது காட்சியின் வெளிச்ச அளவை, தயங்காமல் ஏற்றுங்கள். தரையின் வெளிச்சத்தைத் தூக்குங்கள், வானத்தைத் தொடாதீர்கள். வானத்துக்கு எதிரே கூரை, தென்னை, ஆள் எல்லாம் நிழலுருவாகத் தெரிந்தால் வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

அக்கா, நீங்க நிஜமா பால்வீதியைப் பார்த்திருக்கீங்களா?

ஒரே ஒரு முறை, மலேசியாவில் மெர்சிங் பக்கம் ஒரு கடற்கரையில். அமாவாசை வாரம். காரிலிருந்து இறங்கியவுடன் பார்த்தது கறுப்பு வானமும் ஐம்பது அறுபது நட்சத்திரங்களும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. கண் முழுதாக இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில், மேகம் வருகிறதே என்று சலித்துக்கொண்டேன். மேகம் நகரவில்லை. அதுதான் பால்வீதி. பத்து நிமிடம் கழித்து யாரோ ஃபோனைத் திறந்தார், எல்லாம் போயிற்று. திரும்ப முதலிலிருந்து.

இதைக் கேட்டுவிட்டுப் போன ஒரு தங்கை தன் கேமில் அதையே செய்திருக்கிறார். கைவிளக்கை அணைத்தால் முதலில் மேக்னிட்யூட் 3 வரைதான் தெரியும். ஆட்டக்காரர் அசையாமல் இருந்தால் இரண்டு நிமிடத்தில் மெல்ல மெல்ல 6 வரை ஏறும், கடைசியில் பால்வீதி. விளக்கைப் போட்டால் நொடியில் அழிந்துவிடும். ஷேடரில் ஒரே ஒரு மாறிதான். போன சனிக்கிழமை காட்டியபோது அறை விளக்கை அணைக்கச் சொன்னார், யாரும் இரண்டு நிமிடம் பேசவில்லை.